சம்பளமே இல்லாத நட்சத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அயர்லாந்தின் சொந்த ஆட்டமான, கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் சம்பளம் கிடையாது, செலவுப் பணம்தான். கெர்ரி மாவட்ட அணியின் கொல்ம் கூப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள், 2002-இல் அறிமுகமாகி, 8 முறை ஆண்டின் சிறந்த அணியில் இடம்பிடித்து, 2014-இல் முழங்கால் தசைநார் கிழிந்தும் மீண்டு வந்து, 2017-இல் கில்லார்னியின் டாக்டர் குரோக்ஸ் கிளப்புடன் அகில அயர்லாந்து கிளப் கோப்பையை வென்ற கையோடு கெர்ரி அணியிலிருந்து ஓய்வு பெற்றவர். இத்தனைக்கும் பிழைப்புக்கு வங்கி வேலைதான்! அப்புறம் அதே ஆண்டு அவருக்காக நிதி திரட்டும் விருந்து நடந்தபோது, தொழில்முறை அல்லாத ஆட்டத்தில் இது அடுக்குமா என்று சிலர் குதித்தார்கள். கேலரியை நிரப்பியவருக்கு ஒருநாள் விருந்துகூடவா உறுத்துகிறது? எனக்கு அதில் தப்பே தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்