கிளிப் ஹேங்கர் ஸ்பிரிங்: உன் வரைபடத்துக்குப் பதில்

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் வரைபடமும் வந்து சேர்ந்தன. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். இங்கே தேக்காவில் தீபாவளி விளக்கு போட்டாகிவிட்டது. சனி, ஞாயிறு சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. நீ ஜொகூரிலிருந்து வருவதாக இருந்தால் வார நாளாகப் பார்த்து வா.

இனி ஸ்பிரிங். கால்சட்டை மாட்டும் கிளிப் ஹேங்கரில் பிடி தளர்ந்துபோகிறது, அதனால் கம்பியை 1.6 மி.மீ.யிலிருந்து 1.8க்கு ஏற்றப் போகிறேன் என்கிறாய். வேண்டாம். கம்பியைத் தடியாக்கினால் பிடி கொஞ்ச நாள் இறுகும், பிறகு இப்போது போலவே தளரும், நடுவில் திறக்கிறவர் விரல்தான் வலிக்கும். உனக்கு வேண்டியது மெத்தென்ற ஸ்பிரிங். அதை நிறைய முறுக்கி உள்ளே வைக்க வேண்டும். எப்படி என்று உன் அளவுகளை வைத்தே சொல்கிறேன்.

அச்சாணியிலிருந்து கிளிப்பின் வாய் நுனி வரை 25 மி.மீ., விரல் அழுத்தும் பக்கம் 22 மி.மீ. மூடியிருக்கும்போது வாயில் 8 நியூட்டன், அதாவது சுமார் 800 கிராம் பிடி வேண்டும் என்று வைத்துக்கொள். அதை 25ஆல் பெருக்கினால் ஸ்பிரிங் தர வேண்டிய முறுக்கு 200 நியூட்டன்-மி.மீ. வாய் 12 மி.மீ. திறக்க இரண்டு பாதிகளுக்கும் நடுவே சுமார் 28 டிகிரி விலக வேண்டும்.

முறுக்கு ஸ்பிரிங்கின் விறைப்புக் கணக்கு உனக்குத் தெரிந்ததுதான். கம்பியின் மீள்குணகத்தை (304 ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு 1,93,000 மெகாபாஸ்கல்) கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்கால் பெருக்கு. அதை 10.8, சுருளின் சராசரி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை இந்த மூன்றின் பெருக்கலால் வகு. வருவது ஒரு முழுச் சுற்றுக்கான முறுக்கு. 360ஆல் வகுத்தால் டிகிரிக்கு. சில புத்தகங்களில் 10.2 என்று இருக்கும். அது உராய்வைச் சேர்க்காத கணக்கு. சுருள் தன்மேலேயும் தனக்குள் நிற்கும் ஆணிமேலும் உரசுவதற்கு இடம் கொடுத்துத்தான் 10.8 போடுகிறோம்.

இப்போது உன்னிடம் ஓடுவது 1.6 கம்பி, 8 மி.மீ. சுருள், 3 சுற்று. டிகிரிக்கு 13.6 நியூட்டன்-மி.மீ. வருகிறது. 200 வேண்டுமென்றால் 15 டிகிரி முன்முறுக்கு, அதாவது மூடிய நிலையிலேயே முறுக்கி வைக்கும் கோணம், போதும். ஆனால் வாயை முழுக்கத் திறக்கும்போது முறுக்கு 580க்குப் போகிறது. சுருளின் உள்பக்க வளைவுக்கான திருத்தத்தையும் சேர்த்தால் கம்பியில் தகைவு, அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு விழும் விசை, சுமார் 1,700 மெகாபாஸ்கல். அந்தக் கம்பியின் இழுவிசை வலிமையே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, ஒவ்வொரு முறை யாராவது முழுக்கத் திறக்கும்போதும் கம்பி மீள் எல்லையைத் தாண்டி, கொஞ்சம் வளைந்தே நின்றுவிடுகிறது. தளர்ச்சிக்கு முதல் காரணம் இது.

1.8 போட்டால்? டிகிரிக்கு 21.7. முன்முறுக்கு 9 டிகிரியாகச் சுருங்கும். திறந்த நிலையில் முறுக்கு 800ஐத் தாண்டும், தகைவோ அதே 1,700. குறையவே இல்லை பார். திறக்கும் கோணம் மாறாதபோது கம்பியைத் தடியாக்குவது தகைவைக் குறைக்காது, விறைப்பைத்தான் கூட்டும். விரலுக்கு 3.7 கிலோ. ஐம்பது உருப்படி காயப்போடும் வீட்டில் அதை யார் அழுத்துவார்கள்?

நான் சொல்வது இது: அதே 1.6 கம்பி, சுருள் 10 மி.மீ., சுற்று 5. டிகிரிக்கு 6.5 நியூட்டன்-மி.மீ. 200க்கு 31 டிகிரி முன்முறுக்கு. முழுக்கத் திறந்தால் 382, தகைவு சுமார் 1,080, வலிமையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே. விரலுக்கு 2.7 கிலோவிலிருந்து 1.8க்கு இறங்குகிறது. கம்பி நீளம் கூடுவதால் விலை கொஞ்சம் ஏறும், மறுக்கவில்லை.

இன்னொரு லாபமும் இருக்கிறது. பிளாஸ்டிக் காலப்போக்கில் அமுங்கும், சுருளிலிருந்து நீளும் கம்பிக்காலின் கோணத்தில் பிசகு வரும், துணியின் தடிமன் மாறும். இவை எல்லாமே டிகிரியில்தான் வந்து விழுகின்றன. பிளாஸ்டிக் அமுங்கி 3 டிகிரி இழந்தால் பழைய ஸ்பிரிங் பிடியில் ஐந்தில் ஒரு பங்கை விடும், புதியது பத்தில் ஒன்றைத்தான். கால்களின் கோணத்தில் கூடவோ குறையவோ 5 டிகிரி பிசகு என்று ஒரு ஸ்பிரிங் கடை ஒப்புக்கொண்டால், பழையதில் பிடி மூன்றில் ஒரு பங்கு ஏறி இறங்கும். ஒரே ஹேங்கரில் இடது கிளிப் கடிக்கிறது, வலது கிளிப் நழுவவிடுகிறது என்று உனக்கு வரும் புகார் இதனால்தான்.

கம்பியைச் சுற்றக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. சுமை எப்போதும் சுருளை இறுக்கும் திசையிலேயே விழ வேண்டும். உன் வரைபடத்தில் வலது பக்கக் கிளிப்பைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருக்கிறாய், ஸ்பிரிங்கையும் சேர்த்துத் திருப்பினாயா என்று பார். திருப்பாவிட்டால் அந்தப் பக்கம் சுருள் பிரியும் திசையில் வேலை செய்யும். சுற்றும்போது கம்பிக்குள் தங்கிய தகைவு அங்கே உதவிக்கு வராது, எதிராகவே நிற்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கிளிப்பைப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இறுகும்போது சுருள் ஒடுங்கும், நீளும். 10 மி.மீ. சுருள் முழுத் திறப்பில் 9.7 ஆகும், உள்விட்டம் 8.4லிருந்து 8.1க்கு வரும். ஆகவே ஆணி 7.2க்கு மேல் போகாதே.  8 மி.மீ. ஆணி போட்டால் சுருள் அதைக் கவ்விக்கொள்ளும். கவ்வியதும் மீதிச் சுற்றுகள் வேலை செய்யாமல் ஒரே சுற்றில் எல்லாத் தகைவும் விழுந்து முறியும். சுருளின் நீளமும் 9.6லிருந்து ஏறக்குறைய 9.9 ஆகும், அதனால் உள்ளே 10.5 மி.மீ. இடம் விடு.

சுற்றி முடித்ததும் 350 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடு காட்டச் சொல். ஸ்டெயின்லெஸ் சூட்டில் கொஞ்சம் விரியும், சாதாரண எஃகுக் கம்பி சுருங்கும். எஃகுக்குப் பழகிய கடைக்காரர் அதே கோணத்தில் சுற்றித் தந்தால் கால்கள் தப்பான இடத்தில் நிற்கும். முதல் இருபது உருப்படியைச் சூடு காட்டிய பிறகு அளந்து, அதை வைத்துத்தான் எந்திரத்தைத் திருத்த வேண்டும். பெட்டிக்குள் போடுமுன் ஒவ்வொன்றையும் வேலைக் கோணத்துக்குக் கொஞ்சம் மேலே மூன்று தடவை முறுக்கி விடவும் சொல். விழ வேண்டிய தளர்ச்சி அங்கேயே விழுந்துவிடும்.

காந்தம் ஒட்டுகிறதே, இது 304 இல்லை என்று போன தடவை ஒரு சரக்கைத் திருப்பி அனுப்பினாயாமே. குளிர்நிலையில் இழுத்த 304 கம்பி காந்தத்தில் லேசாக ஒட்டத்தான் செய்யும், இழுக்க இழுக்கக் கூடவே ஒட்டும். காந்தத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதே.

மலிவாக இருக்கிறதென்று எஃகுக் கம்பிக்குத் துத்தநாக முலாம் பூசலாமா என்று கேட்டிருந்தாய். முலாம் தொட்டியில் கம்பிக்குள் ஹைட்ரஜன் புகும். முலாம் ஏறிய நாலு மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, 200 டிகிரியில் பல மணி நேரம் காய்ச்சாவிட்டால், கடையில் சும்மா தொங்கும் ஹேங்கரில் ஸ்பிரிங் தானாகவே 'டக்'கென்று உடையும், யாரும் தொடாமலே. அதைச் சரியாகச் செய்தாலும் இங்கத்திய ஈரத்தில் முலாம் எத்தனை நாள் தாங்கும்? வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் துணி காய்வது சமையலறைக்குப் பின்னால், இல்லையென்றால் ஜன்னலுக்கு வெளியே கழியில். மழைச் சாரல், பிறகு வெயில், மறுபடி சாரல். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் ஒரு துருப்புள்ளி பட்டால் உன் ஹேங்கரை அத்தோடு தூக்கிப் போட்டுவிடுவார்கள். மரின் பரேட், பாசிர் ரிஸ் மாதிரி கடலோரத்தில் 304இலேயே தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு படியும். அங்கே விற்க 316 கம்பி போடலாம். வலிமை கொஞ்சம் குறைவு, ஆனால் மேலே சொன்ன 1,080 தகைவை அதுவும் தாங்கும்.

ஸ்பிரிங்கை விட அதன் கால் பிளாஸ்டிக்கில் உட்காரும் இடம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 15 மி.மீ. காலின் நுனி திறந்த நிலையில் 25 நியூட்டன் அழுத்தும், அதுவும் ஒரு மெல்லிய கோட்டில். பாலிபுரொப்பிலினில் அந்த இடம் மெழுகு மாதிரி மெதுவாகக் குழியும்; நான் மேலே சொன்ன 3 டிகிரி அங்கேதான் போகிறது. காலின் நுனியை 90 டிகிரி மடித்து, 7 மி.மீ. குறுக்குக் கம்பியாக ஒரு பள்ளத்தில் படுக்கவை. அழுத்தம் பரவும். கிளிப்பின் பொருளை அசிட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாற்றினால் அமுக்கம் இன்னும் குறையும். அலமாரிக்குள் தொங்கும் ஹேங்கருக்கு அது போதும். வெயிலில் காய்வதற்கு என்றால் புற ஊதாத் தாங்கி சேர்த்த கறுப்பு ரகம் வாங்கு, வெள்ளை அசிட்டால் வெயிலில் சுண்ணாம்பு பூத்துப்போகும்.

பிளாஸ்டிக் வார்க்கும் அச்சை எப்படியும் திருத்தப் போகிறாய் என்றால் இரட்டைச் சுருளையும் யோசி. நடுவில் பாலம் போல ஒரு வளைவு, அதன் இரண்டு பக்கமும் எதிரெதிர்த் திசையில் சுருள். கம்பி 1.2, சுருள் 8 மி.மீ., பக்கத்துக்கு 4 சுற்று. மொத்த விறைப்பு 6.4, ஒற்றைச் சுருளுக்குச் சமம். முழுத் திறப்பில் தகைவு 1,260 வரும்; 1.2 கம்பி வலிமை கூடியது, தாங்கும். நடுப்பாலம் வாயின் மத்தியில் அழுத்துவதால் கிளிப் ஒரு பக்கமாகக் கோணாது. அகலம் 20 மி.மீ. வரை எடுக்கும், சுற்றுக்கூலியும் கூடும். துணி உலர்த்தும் மர இடுக்கியில் 1887இல் சோலன் மூர் காப்புரிமை வாங்கியது ஒற்றைச் சுருளுக்குத்தான். மரத்தின் இரண்டு பாதியும் அகலமாக இருந்ததால் அங்கே கோணல் பெரிய தொல்லையாக இல்லை. உன் கிளிப் அவ்வளவு அகலம் இல்லையே.

12 மி.மீ.க்கு மேல் வாய் திறக்காதபடி உள்ளே ஒரு தடுப்பு வை. இதை மட்டும் விட்டுவிடாதே. பிள்ளைகள் கையில் கிடைத்தால் 20 மி.மீ. வரை பிளப்பார்கள், அப்போது மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

நழுவுகிறது என்ற புகாருக்கு ஸ்பிரிங் மட்டும் காரணமில்லை. பிடிக்கும் எடை என்பது உராய்வுக் குணகம், வாயின் அழுத்தம், இரண்டு முகம் இவற்றின் பெருக்கல். ஈரத் துணியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் வாய்க்கு உராய்வு 0.2 என்று வை. இரண்டு கிளிப்பும் சேர்ந்து சுமார் 650 கிராம்தான் தாங்கும். அதே ஸ்பிரிங்கில் ரப்பர் போன்ற மெத்தை ஒட்டி உராய்வு 0.5 ஆனால் 1.6 கிலோ. ஜீன்ஸின் இடுப்புப்பட்டை 5 மி.மீ. தடிமன் இருக்கும், மெல்லிய துணியை விட 4 மி.மீ. அதிகம். அதற்கு வாய் 9 டிகிரி கூடத் திறந்து நிற்பதால் புதிய ஸ்பிரிங்கில் பிடி 10.4 நியூட்டன் ஆகி, 2 கிலோ வரை போகும். மெஷினில் பிழிந்த ஜீன்ஸுக்கு அது தாராளம். பழையது அதே பட்டையில் 13 நியூட்டனுக்கு ஏறி, துணியில் தழும்பு போடுகிறது.

மெத்தைக்கு மென்மையான பிவிசி வாங்காதே. அதை மென்மையாக்கச் சேர்த்த இளக்கி கசிந்து பாலிஸ்டைரீன் ஹேங்கர் உடலை வெடிக்க வைக்கும், துணியிலும் ஒட்டும். ரப்பர் போன்ற டிபிஇ பிளாஸ்டிக் ரகம் போடு, 1.5 மி.மீ. போதும். பல் வைத்த மெத்தை வேண்டாம். பட்டுப் புடவையைக் கிளிப்பில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். வாய்க்கு நடுவில் கம்பி வளையத்தை மாட்டி இழு, வாய் விலகத் தொடங்கும் எடையை எழுதிக்கொள். பிறகு 5 மி.மீ. தகட்டை வாயில் செருகி, 60 டிகிரி சூட்டில் ஒரு நாள் வை. ஆறிய பின் திரும்ப இழுத்துப் பார். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் ஸ்பிரிங்கைத் தனியே கழற்றி அதன் கோணத்தை அள. கோணம் மாறாமல் இருந்தால் குற்றம் பிளாஸ்டிக்கில், மாறியிருந்தால் கம்பியில். இப்படிப் பிரித்துப் பார்க்காமல் கம்பிக் கடையோடு சண்டைக்குப் போகாதே.

முதலில் ஒற்றைச் சுருளில் ஐம்பது சுற்றச் சொல். ஆணியை 7.2க்கு மாற்றுவது கடைசல் வேலைதான், அச்சைத் தொட வேண்டாம். பள்ளமும் தடுப்பும் அச்சில் வர வேண்டியவை. அவற்றை வரைந்ததும் கம்பி வெட்டுமுன் எனக்கு ஒரு படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வரும்போது பழைய கிளிப்பில் தளர்ந்த நாலைந்தையும் எடுத்து வா, கம்பிக்கால் உட்காரும் இடம் எவ்வளவு குழிந்திருக்கிறது என்று வெட்டிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாறன்