டிவி தானாக மாறுவது பழுது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் 1993 முதல் டிவி பழுது பார்த்து வருகிறேன். சாலிடேர், டயனோரா பெட்டிகளில் தொழில் கற்றவன். கொஞ்ச காலமாக எனக்கு ஒரே மாதிரியான போன் அடிக்கடி வருகிறது. "பார்த்துக்கிட்டே இருக்கும்போது படம் மாறிடுதுண்ணே, போர்டு போயிடுச்சா?" போய்ப் பார்த்தால் போர்டு நன்றாக இருக்கும். அந்த வீட்டில் புதிதாக ஒரு கேம் கன்சோல் வாங்கியிருப்பார்கள். பிள்ளைகள் கன்ட்ரோலரின் நடுப் பட்டனை அழுத்தியதும் கன்சோல் விழித்துக்கொள்கிறது. டிவியும் தானாகவே, படமும் ஒலியும் ஒரே கேபிளில் வரும் அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்கு மாறிவிடுகிறது. இது பழுது அல்ல, வசதி. டிவியை மாட்ட வருகிறவர்கள் இதை வாயால் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

சென்ற மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். சவுண்ட்பாரில் சத்தம் வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். டிவி ஸ்பீக்கரில் சத்தம் இருக்கிறது, சவுண்ட்பாரில் இல்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மெனுவுக்குள் போனால், எச்டிஎம்ஐயில் இணைத்த சாதனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் சிஇசி என்ற அமைப்பை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். பல டிவிகளில் அதை அணைத்தால் எச்டிஎம்ஐ வழியாகச் சவுண்ட்பாருக்குப் போகும் ஒலியும் நின்றுவிடும். ஆன் செய்தேன், சத்தம் வந்தது.

அந்தக் கூடத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பையன் இருந்தான். பதினைந்து வயது இருக்கும், தசைச்சிதைவு நோய். கையைத் தூக்க முடியாது, ஆனால் இரண்டு கட்டைவிரல்களும் நன்றாக வேலை செய்கின்றன. மடியில் ஒரு தலையணை, அதன்மேல் கன்ட்ரோலர். நான் மெனுவை மூடியதும் நடுப் பட்டனை அழுத்திப் பார்த்தான். டிவி மாறியது. "அம்மா, வந்துடுச்சும்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அவன் அம்மா ஓடி வந்தார். பாட்டியும் எழுந்து வந்து, "இதேதான் தம்பி, சீரியல் ஓடும்போது இப்படித்தான் ஆச்சு" என்றார்.

நடந்தது அப்போதுதான் புரிந்தது. பாட்டி சொன்ன புகாருக்கு வந்த சர்வீஸ் ஆள் சிஇசியை அணைத்துவிட்டு 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஏன் அணைத்தேன், எதை அணைத்தேன் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தப் பையன் விளையாட வேண்டுமென்றால் யாராவது வந்து ரிமோட்டை எடுத்து இணைப்பை மாற்றித் தர வேண்டும். அம்மா கடைக்குப் போயிருந்தால் வரும்வரை காத்திருந்திருக்கிறான். மூன்று வாரம் இப்படியே போயிருக்கிறது.

சாதாரண டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. கையில் எடுத்து டிவிக்கு நேராகக் காட்ட வேண்டும். கன்ட்ரோலர் ப்ளூடூத் போன்ற ரேடியோ அலையில் பேசுவது, எங்கேயும் நீட்ட வேண்டியதில்லை. மடியில் கிடந்தபடியே ஒரு விரல் போதும். நமக்கு இது சின்ன சௌகரியம். அந்தப் பையனுக்கு, ஒருவரையும் கூப்பிடாமல் தானே செய்துகொள்ளும் மிகச் சில காரியங்களில் ஒன்று.

இது எப்படி நடக்கிறது என்று வாசகர்களுக்குச் சொல்கிறேன். எச்டிஎம்ஐ பிளக்கை உற்றுப் பாருங்கள், உள்ளே 19 பின்கள் உண்டு. படமும் ஒலியும் மற்ற பின்களில் போக, 13-வது பின் ஒரே ஒரு வயரில் சாதனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு. அந்தப் பேச்சுதான் சிஇசி. நொடிக்குச் சுமார் 400 பிட்தான் அதன் வேகம், படத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் பேச வேண்டியதும் கொஞ்சம்தான். கன்சோல் விழித்ததும் "படம் காட்டத் தயாராகு" என்று ஒரு செய்தி, "இப்போது படம் தருவது நான், என் முகவரி இது" என்று இன்னொரு செய்தி. இரண்டாவது பிளக்கில் செருகியிருந்தால் முகவரி 2.0.0.0. அதை முன்கூட்டியே கன்சோலுக்குச் சொல்லி வைத்ததும் டிவிதான். அதனால் தவறாமல் சரியான இடத்துக்கு மாறுகிறது. ஸ்டாண்ட்பையில் இருக்கும் டிவியைக்கூட இது எழுப்பிவிடும். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் எழுப்ப முடியாது. படுக்கப் போகும்போது நம் வீடுகளில் சுவிட்ச்போர்டில் அணைப்பதுதானே வழக்கம்? காலையில் "நேத்து வேலை செஞ்சுது, இன்னைக்கு இல்லை" என்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொரு காரணம் மலிவான கேபிள். அந்த 13-வது பின்னுக்கு வயரே இழுக்காத கேபிள்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. மல்டிமீட்டரின் முனையில் மெல்லிய ஊசியைக் கட்டி இரு பக்கமும் தொட்டுப் பார்த்தால், மற்ற பின்களுக்குப் பீப் அடிக்கும் மீட்டர் அதற்கு மட்டும் அடிக்காது. படம் பளிச்சென்று வருவதால் கேபிள்மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்த வசதி நேற்று வந்ததல்ல. எச்டிஎம்ஐயின் முதல் வரையறை வந்தது 2002-ல். சிஇசி அப்போதே அதில் இருந்தது. பிறகு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்துக்கொண்டது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க். எல்லாம் ஒன்றுதான். இங்கிலீஷ் படித்த பிள்ளைகளே மெனுவில் தேடித் தடுமாறுகிறார்கள், அந்தப் பாட்டி எங்கே கண்டுபிடிப்பார்?

தொந்தரவாக இருக்கிறது என்பவர்கள் டிவியில் மொத்தமாக அணைக்க வேண்டாம். கன்சோலிலேயே பார்க்கலாம். பிளேஸ்டேஷன் 5-ல் எச்டிஎம்ஐ அமைப்புக்குள் டிவியை எழுப்புவதற்குத் தனி சுவிட்ச், சேர்ந்து அணைவதற்குத் தனி சுவிட்ச் இருக்கின்றன. எது வேண்டாமோ அதை மட்டும் அணைத்தால் சவுண்ட்பாருக்கு ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலான கிராபிக்ஸ் கார்டுகளில் சிஇசி இல்லை, அதற்கென விற்கும் யுஎஸ்பி அடாப்டர் வேண்டும்.

அந்த வீட்டில் நான் அணைக்கவில்லை. பாட்டியை உட்கார வைத்து, டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டன் எது என்று காட்டினேன். கண் சரியாகத் தெரியவில்லை என்றார். அவர் மருமகள், முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து வந்து அந்தப் பட்டனில் ஒட்டினார். பாட்டி நாலு முறை தானே அழுத்தி, கேமிலிருந்து செட்டாப் பாக்ஸுக்குத் திரும்பிப் பழகிக்கொண்டார். பேரனும் "சீரியல் முடியட்டும் பாட்டி, அதுக்கப்புறம் போடறேன்" என்றான். டிவி சுவிட்சை இரவில் அணைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நிமிட வேலை. டிவி மாட்டிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

என் தொழில் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: சிஇசியை அணைக்குமுன் அந்த வீட்டில் அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். அணைத்தால் சொல்லிவிட்டு அணையுங்கள். டிவி நிறுவனங்களிடமும் ஒரு கோரிக்கை. பெட்டியோடு தரும் வாரன்டி தாளில் தமிழில் இரண்டு வரி அச்சிடுங்கள். நானே எழுதித் தருகிறேன்: "எச்டிஎம்ஐயில் இணைத்த சாதனம் ஆன் ஆனதும் இந்த டிவி தானாக அதற்கு மாறலாம், இது பழுது அல்ல. பழைய இடத்துக்குத் திரும்ப, ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தவும்."

இப்படிக்கு,
டிவி பழுதுபார்ப்பவர், கும்பகோணம்.