நீல டிரம்மும் மன்னாவும்: தங்கைக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

உபவாசக் கூட்டத்தில் நிரம்பியிருந்த மனம் செவ்வாய்க்கிழமைக்குள் வற்றிப்போயிற்று என்றும், கிருபை உன்னைவிட்டு விலகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இதே பயம் நம் சபையில் பலருக்கும் உண்டு என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

2019 கோடை உனக்கு நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எனச் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்த வருடம் அது. லாரி மறுபடி எப்போது வருமோ என்ற பயத்தில் இரண்டு நீல டிரம்களை நிரப்பி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். ஒன்றுக்கு மூடி சரியாகப் பொருந்தவில்லை. பத்து நாள் கழித்துக் குவளையை விட்டால், தண்ணீரோடு கொசுப்புழுக்களும் நெளிந்துகொண்டு வந்தன.

யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் எனக்குப் புரிந்தது அன்றுதான். வனாந்தரத்தில் தேவன் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து தந்த உணவான மன்னாவை, தலைக்கு ஒரு ஓமர் (அக்காலத்து அளவு) என்று அன்றன்றைக்குச் சேர்க்கச் சொல்லியும் சிலர் மறுநாளுக்கு எடுத்து வைத்தார்கள். அது பூச்சிபிடித்து நாறியது. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். எனக்கென்னவோ அவர்கள் பயந்தவர்களாகவே தெரிகிறார்கள். எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்களுக்கு நாளைய சோற்றின்மேல் நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுமா? (ஓய்வுநாளுக்காக ஆறாம் நாள் சேர்த்த இரட்டைப் பங்கு கெடவில்லை. ஆகவே உன் சீட்டுப் பணத்தை நிறுத்திவிடாதே.)

நீயும் கூட்டத்தில் கிடைத்ததை வாரம் முழுவதும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாய். தன்னை வாட்டிய ஒரு வேதனையை 'முள்' என்று சொன்ன அப்போஸ்தலன் பவுல், அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டபோது, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. முள் நீங்கியதாக அவர் எங்கும் எழுதவில்லை. பாரிஸில் கார்மேல் சபை மடத்துச் சமையற்கட்டில் பல வருடம் உழைத்து 1691இல் இறந்த சகோதரர் லாரன்ஸ், ஜெபவேளையில் போலவே பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் தேவசமுகத்தில் இருந்ததாகச் சொன்னார். இயல்பிலேயே அவருக்குச் சமையல் வேலை பிடிக்காது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

உன் கடிதத்தில் நீ கவனிக்காத வரி ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை குரோம்பேட்டையில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மாமியாரிடம் எரிந்து விழுந்துவிட்டு, மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அத்தை, காலையில் தப்பாகப் பேசிவிட்டேன்" என்று நீயாகச் சொன்னதை, வேறு எதையோ சொல்லும்போது போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். மனம் வற்றிக் கிடந்த அதே செவ்வாய்க்கிழமை, அம்மா! மூன்று வருடமாக உன் வாயில் வராத அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

நாளைக் காலை ரயிலில் அந்த மன்னா அதிகாரத்தை 21ஆம் வசனம்வரை மட்டும் வாசி. மாம்பலம் வருவதற்குள் முடித்துவிடலாம். மீதியை மறுநாள் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்