ஏழாவது கேள்வி

கண்ணம்மா,

நீ என்னோடு பேசி இன்றோடு 16 நாள். 'நைட் டியூட்டி, தூங்கப் போறேன்' என்று அப்பாவுக்கு மட்டும் மெசேஜ் வருகிறது. அவர் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. போன தடவை வந்தபோது உன் கண்ணின் உள்ளிமை வெளுத்திருந்தது. வார்டில் எல்லோருக்கும் இமையை இழுத்துப் பார்க்கிறவள், உன்னுடையதை எப்போது பார்ப்பாய்?

நீ அவசரத்தில் விட்டுப்போன பச்சை ஃபைல் மேசைமேல் இருந்தது. திறக்கக் கூடாதுதான், திறந்துவிட்டேன். மாதவிடாய்க் கப், அதான் உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் அந்தச் சின்னக் கிண்ணம், அதைப் பற்றி நர்சிங் மாணவிகளுக்கு என்ன தெரியும் என்ற உன் புராஜெக்ட். நிரப்பாத கேள்வித்தாள்கள் சில மிச்சமிருந்தன. அப்பா தூங்கிய பிறகு ஒன்றை எடுத்து, எதையும் பார்க்காமல் நானே எழுதினேன். அப்புறம் உன் விடைகளை வைத்துத் திருத்தினேன். 20-க்கு 5. அதிலும் ஒன்று, 'கேள்விப்பட்டிருக்கிறீர்களா' என்பதற்கு 'ஆம்' போட்டதால் கிடைத்தது.

உள்ளே போய்த் தொலைந்துவிடும் என்று டிக் அடித்திருந்தேன். கருப்பைவாயைத் தாண்டி அது போகவே முடியாது என்று படம் போட்டு விளக்கியிருக்கிறாய். இப்போது வந்த நாகரிகம் என்று நினைத்தேன். 1937-லேயே லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை ரப்பரில் செய்து காப்புரிமை வாங்கியிருக்கிறாள். என் அம்மாகூடப் பிறக்காத காலம்! 2019-இல் லான்செட் மருத்துவ இதழ் ஒன்றில் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பழகியவர்களில் பத்துக்கு ஏழு பேர் தொடர்ந்து பயன்படுத்தவே விரும்பினார்கள் என்று எடுத்து எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதுகிறாய். இதை உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா?

நிரப்பிய தாள்களையும் படித்தேன். பெயர் எதுவும் இல்லை, பயப்படாதே. ஒரு பெண் கடைசியில் எழுதியிருந்தாள்: 'பரீட்சைக்கு எழுதத் தெரியும், கையில் தொட்டுப் பார்த்ததில்லை.' இன்னொருத்தி: 'அம்மா விடமாட்டார்கள்.' உன் கையெழுத்து இல்லை. இரண்டு முறை ஒத்துப் பார்த்தேன்.

நாளைக்கு ஒரு நோயாளி கேட்டால் இவர்கள்தானே சொல்லித்தர வேண்டும் என்று அன்றைக்குச் சமையலறையில் நின்று கேட்டாயே, அப்போது நான் குழாயைத் திறந்துவிட்டேன், தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காததுபோல.

சரி. நகத்தை ஒட்ட வெட்டு. போடும்போதும் எடுக்கும்போதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. டியூட்டி நீண்டுவிட்டது என்று 12 மணி நேரத்தைத் தாண்டவிடாதே. காம்பைப் பிடித்து இழுக்காதே, அடியைக் கிள்ளிப் பிடிப்பை விடுவித்த பிறகுதான் எடுக்க வேண்டும். மாதவிடாய் முடிந்ததும் மறக்காமல் கொதிக்க வை. திடீர்க் காய்ச்சல், தலைசுற்றல், தோலில் சிவப்பு என்று வந்தால் உடனே எடுத்துவிட்டு டாக்டரிடம் போ. மிக அரிது என்றுதான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் போ. உன் ஃபைலைப் பார்த்து உனக்கே பாடம் நடத்துகிறேன். நகத்தை மட்டும் மறந்துவிடாதே.

ஏழாவது கேள்வி. 'கப் பயன்படுத்தினால் கன்னித்தன்மை போய்விடும். சரியா, தவறா?'

'சரி' என்று போட்டேன். அழித்தேன். மறுபடியும் 'சரி' என்றே போட்டேன். கன்னிச்சவ்வைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது, அப்படிச் சோதிப்பதையே நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது என்பதெல்லாம் உன் விளக்கத்தில் இருக்கிறது. அதைப் பிறகுதான் படித்தேன்.

உன் கப் தொலையவில்லை. நீ குளிக்கப் போயிருந்தபோது துணிப்பையோடு எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டவள் நான். நீ பையை மூன்று தடவை கொட்டித் தேடினாய். நானும் கூடச் சேர்ந்து தேடினேன், கட்டிலுக்கடியில் குனிந்து. 'ஹாஸ்டலிலேயே வைத்திருப்பாய்' என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் உனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். உனக்கு யாராவது இருக்கிறானா என்று கேட்கத் தைரியமில்லை, அதனால் திருடினேன். இப்போதும் கேட்கவில்லை.

சில கப்புகளில் மில்லிலிட்டர் கோடு இருக்குமாம், எவ்வளவு போகிறது என்று அளந்தே பார்க்கலாமாம். ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று அடிக்கோடு போட்டிருக்கிறாய். ஒவ்வொரு டாக்டரும் 'எவ்வளவு போகுது' என்று கேட்டபோதெல்லாம் 'சாதாரணமாத்தான்' என்றே சொன்னேன். நீ எட்டாவது படித்த வருஷம், மாடிப்படியில் எனக்குக் கொட்டியது. தரையைத் துடைத்தது நீதான். அதற்குக்கூட அன்று உன்னைத்தான் திட்டினேன், அப்பா பார்த்துவிடுவார், சீக்கிரம் துடை என்று.

ஃபைலை கூரியரில் அனுப்புகிறேன். நான் எழுதிய தாள் கடைசியில் இருக்கும், கணக்கில் சேர்த்துவிடாதே. புதிது வாங்க என் கணக்கிலிருந்து பணம் போட்டிருக்கிறேன். நானே வாங்கி அனுப்பலாம் என்றிருந்தேன், அளவு தெரியவில்லை.

மாத்திரையை மறக்காதே.

அம்மா