தூய இனம் என்று விற்கப்பட்ட கலப்பினக் குஞ்சுகள் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: தூய இனம் என்ற உறுதிமொழியுடன் விற்கப்பட்ட சில்கி, பிரம்மா என்னும் கோழி இனங்களின் குஞ்சுகள் கலப்பினமாக இருப்பது, உரிய தீர்வு கோருவது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஏழு மாதங்களுக்கு முன்பு தங்கள் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து, "நூறு சதவீதம் தூய இனம்" என்று பட்டியலிலும் ரசீதிலும் அச்சிடப்பட்ட உறுதியை நம்பி, 10 சில்கிக் குஞ்சுகளையும் 4 பிரம்மாக் குஞ்சுகளையும் வாங்கினேன். பதினான்கும் நல்ல உடல்நலத்தோடு வளர்ந்து பருவத்துக்கு வந்துவிட்டன. அந்த வகையில் எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தாங்கள் சொன்ன இனத்தைச் சேர்ந்தவையாக இல்லை. இதைப் பற்றி இருமுறை தொலைபேசியிலும் ஒருமுறை எழுத்திலும் தெரிவித்த பிறகும் கிடைத்த பதில்கள் என் கேள்வியைத் தொடவே இல்லை என்பதால், இம்முறை ஒவ்வொன்றையும் விளக்கமாக எழுதுகிறேன்.

குஞ்சுகளோடு வந்த கையேட்டில், பூனைக்கு இருப்பதுபோன்ற மயிருடைய கறுப்புக் கோழிகள் சீனத்தில் இருப்பதாக 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதிவைத்த செய்தியை அழகாக அச்சிட்டிருக்கிறீர்கள். மார்க்கோ போலோவோடு எனக்கு வழக்கில்லை. அதே கையேட்டின் மறுபக்கத்தில் சில்கியின் அடையாளங்களாகத் தாங்களே தந்திருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: காலுக்கு ஐந்து விரல், கருந்தோல், தலையில் குடுமி, கால்களில் தூவி, அக்ரூட் பருப்பைப் போல் தணிந்து சுருங்கிய கொண்டை, இழைகள் ஒன்றோடொன்று பிணையாமல் பட்டுப்போல் பிரிந்து நிற்கும் இறகு. இவை தங்கள் நிறுவனம் வகுத்த விதிகள் அல்ல. 1874இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கமான அமெரிக்கன் பவுல்ட்ரி அசோசியேஷன் தன் முதல் தர வரையறையை வெளியிட்ட காலத்திலிருந்தே ஓர் இனத்தை இனமென்று அடையாளம் காண இத்தகைய எழுதப்பட்ட அளவுகோல்கள்தான் பயன்பட்டு வருகின்றன.

என்னிடம் உள்ள பத்தில் மூன்று கோழிகளுக்குச் சாதாரணக் கோழியின் கெட்டி இறகே வந்திருக்கிறது. மீதி ஏழில் நான்கிற்குக் காலுக்கு நான்கு விரல்களே உள்ளன. இரண்டு சேவல்களின் தலையில் ரம்பப் பல் போன்ற விளிம்போடு ஒற்றை மடலாய்க் கொண்டை நிமிர்ந்து நிற்கிறது. மூன்றின் கால்தோல் கறுப்பாக இல்லாமல் வெளிறிக் கிடக்கிறது. எல்லா அடையாளங்களும் ஒருங்கே அமைந்தவை இரண்டே இரண்டு.

முதல் தொலைபேசி அழைப்பில் தங்கள் ஊழியர், "இறகு பட்டுப்போல் இருக்கிறதல்லவா, அப்படியானால் சில்கிதான்" என்றார். இந்த வாதம் தலைகீழானது. பட்டிறகு ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுவது. சில்கியைச் சாதாரணக் கோழியோடு சேர்த்தால் முதல் தலைமுறைக் குஞ்சுகள் எல்லாம் கெட்டி இறகோடுதான் பிறக்கும், அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தாலோ அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பட்டிறகு திரும்ப வந்துவிடும். ஆகவே பட்டிறகு மட்டும் ஒரு கோழியின் தூய்மைக்குச் சாட்சியாகாது. மாறாக, கெட்டி இறகு ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் ஓங்கு பண்பு என்பதால், கெட்டி இறகோடு பிறந்த ஒரு குஞ்சின் பெற்றோரில் ஒன்றேனும் கண்ணுக்குத் தெரியும்படி கெட்டி இறகோடுதான் இருந்திருக்க வேண்டும். அதாவது, தங்கள் சில்கிக் கூண்டில் சில்கி அல்லாத ஒரு கோழி எவர் பார்வைக்கும் மறையாமல் நடமாடியிருக்கிறது; அல்லது வேறு கூண்டின் முட்டைகள் அடைகாப்புப் பெட்டியில் கலந்திருக்கின்றன. இரண்டில் எது நடந்தது என்று அறிவது தங்களுக்குக் கடினமாக இருக்காது.

ஒற்றை மடல் கொண்டை இதைவிட அதிகம் சொல்கிறது. அது தணிந்த கொண்டைகளுக்கு ஒடுங்கியே இருப்பது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் மட்டுமே குஞ்சின் தலையில் வெளிப்படும். எனவே எங்கிருந்தோ வேலி தாண்டி வந்த ஒரு சேவலின் மேல் பழியைப் போட்டுவிட முடியாது. கலப்பு தங்கள் தாய்க்கோழிகளுக்குள்ளேயே ஒரு தலைமுறைக்கு முன்பே புகுந்துவிட்டது என்பதைத்தான் அந்த இரண்டு சேவல்களும் காட்டுகின்றன.

பிரம்மாக்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மூன்று வரிசையாகத் தணிந்திருக்க வேண்டிய பட்டாணிக் கொண்டைக்குப் பதில் இரண்டிற்கு ஒற்றை மடல். ஒரு சேவலுக்கு மஞ்சளாக இருக்க வேண்டிய கால்கள் வெள்ளையாக இருக்கின்றன. முட்டையிடும் பெட்டைகளுக்கு நாளாக ஆகக் கால்மஞ்சள் வெளிறுவது இயல்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் சேவல் முட்டையிடுவதில்லை, அதே தீவனத்தை உண்ணும் மற்ற மூன்றின் கால்களும் மஞ்சளாகவே இருக்கின்றன.

தங்கள் எழுத்துப் பதிலில், "எல்லா இனத்திலும் ஓரிரு குறைகள் வருவதுண்டு" என்று குறிப்பிட்டிருந்தீர்கள். உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. நீல நிறச் சில்கி கேட்ட எனக்குக் கறுப்பிலும், வெள்ளையில் நீலம் தெளித்தாற்போன்ற நிறத்திலும் சில வந்தன. நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் பாதி நீலமும், கால் பங்கு கறுப்பும், கால் பங்கு தெளிப்பு நிறமும் பிறக்கும் என்பதால் அதைக் குறையாகவே நான் எண்ணவில்லை. ஐந்தாம் விரல் சில சமயம் தூய சில்கியிலும் வெளிப்படாமல் போகலாம். நான்கு விரலோடு ஒரே ஒரு கோழி இருந்திருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது. போட்டியில் பரிசு வாங்கும் தரத்தையும் நான் கேட்கவில்லை. ஆனால் தரக்குறை வேறு, கலப்பு வேறு. குடுமி சிறுத்த சில்கி குறையுள்ள சில்கி. அதைத் தக்க துணையோடு சேர்த்து அடுத்த தலைமுறையில் திருத்திக்கொள்ளலாம். கெட்டி இறகும் ஒற்றை மடலும் நான்கு விரலும் வெளிறிய தோலும் ஒரே தொகுதியில் சேர்ந்து வந்தால் அதற்குக் குறை என்று பெயரில்லை.

"ஒருநாள் குஞ்சைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது" என்பதும் தங்கள் பதில்களில் ஒன்று. இறகைப் பொறுத்தவரை அது சரி. சில வாரங்கள் கழிந்தே வேறுபாடு தெரியும். விரலோ பொரிக்கும்போதே இருக்கிறது. முதல் நாளிலேயே எண்ணியிருக்கலாம். நான் எண்ணவில்லை, அது என் அனுபவக்குறைவு. விற்பதையே தொழிலாகக் கொண்ட தாங்களும் எண்ணவில்லை.

இரண்டாவது அழைப்பில் கிடைத்த ஒரு செய்திதான் என்னை உண்மையில் திகைக்க வைத்தது. எல்லா இனங்களும் ஆண்டின் பெரும்பகுதி ஒன்றாகவே மேய்வதாகவும், முட்டை சேகரிப்பதற்கு ஒரு வாரம் முன்பு சேவல்களைப் பிரித்துவிடுவதாகவும் தங்கள் ஊழியர் வெளிப்படையாகச் சொன்னார். ஒருமுறை இணைந்த பெட்டையின் உடலில் விந்து இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட உயிர்ப்போடு தங்கியிருந்து முட்டைகளைக் கருவுறச் செய்யும். ஒரு வாரப் பிரிவு என்பது வாசலைத் திறந்து வைத்துவிட்டுச் சன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுவதைப் போன்றது.

தாங்கள் அனுப்பிய சான்றிதழையும் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அது தடுப்பூசி போடப்பட்டதற்கும் நோயின்மைக்குமான சான்று. இனத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நாய்களுக்கு இருப்பதைப் போல் கோழிகளுக்கு வம்சாவளிப் பத்திரம் வழங்கும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. அதனால் வாங்குபவருக்கு வளர்ப்பவரின் சொல்லும், அவர் காட்டும் தாய்-தந்தைக் கோழிகளும், அவர் வைத்திருக்கும் பதிவேடும் மட்டுமே ஆதாரம்.

இதன் பிறகு, இரண்டே இனங்களை வளர்க்கும் ஒரு தனிநபரிடம் சென்றேன். அவர் முதலில் காட்டியது தன்னிடம் இருந்த குறையுள்ள கோழிகளை. எது எதனால் கழிக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கூண்டுவாரியாக எண் வளையம், எந்தச் சேவல் எந்தப் பெட்டைகளோடு எப்போது விடப்பட்டது என்ற குறிப்பேடு, இனம் தப்பிய குஞ்சு எத்தனை பொரிந்தது என்ற கணக்கு எல்லாம் கேட்காமலே வந்தன. இப்போதுதான் கூண்டு மாற்றியிருப்பதால் ஒரு மாதம் கழித்தே முட்டை தர முடியும் என்று சொல்லி என்னைத் திருப்பியனுப்பிவிட்டார். தங்களிடம் எந்த நாளும் எந்த இனமும் உடனடியாகக் கிடைப்பதைச் சிறப்பு என்று எண்ணி வாங்கியவன் நான்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். 14 குஞ்சுகளுக்கும் நான் செலுத்திய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். தங்கள் பதிலில் சொன்னபடி மாற்றுக் குஞ்சுகளை ஏற்க எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் அவையும் அதே தாய்க்கோழிகளிடமிருந்தே வரும். அத்தொகுதியின் பெற்றோர்க் கோழிகளுடைய படங்களும் கூண்டுப் பதிவுகளும் எனக்குக் காட்டப்பட வேண்டும். பதிவுகளே இல்லையென்றால் அதையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதே வாரத்தில் பொரித்த குஞ்சுகளை வாங்கிய மற்றவர்கள், தூய இனம் என்ற நம்பிக்கையில் அவற்றைப் பெருக்கி அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன், அவர்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். கூண்டுகளைச் சரிசெய்யும் வரை அந்த இரு இனங்களையும் "கலப்பு" என்றே பட்டியலில் குறிப்பிடுவது முறையாக இருக்கும். கலப்பினம் என்று தெரிந்தே வாங்குவோரும் ஏராளம்.

ஒவ்வொரு கோழியின் கால், கொண்டை, இறகு ஆகியவற்றின் படங்களையும் ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன். 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் கிடைக்காவிடில் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

பணத்தைத் தருவதற்கு ஈடாகக் கோழிகளைத் திருப்பி அனுப்பும்படி மட்டும் கேட்க வேண்டாம். தாங்கள் அவற்றை என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அவை என்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்