தெருப் பெயர்ப்பலகைப் பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டையிலிருந்து புளியரை செல்லும் சாலையை ஒட்டிய நமது குடியிருப்பின் எல்லாத் தெருக்களிலும் பெயர்ப்பலகைகள் நட்டு முடிக்கப்பட்டுவிட்டன. பழைய பலகைகள் அகற்றப்பட்டன, குழிகள் மூடப்பட்டன, தெருப் பெயர்கள் நகராட்சிப் பதிவேட்டோடு ஒப்பிடப்பட்டன, இடங்களுக்கு எழுத்து மூலம் அனுமதி பெறப்பட்டது. இவை பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டுத் தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளது. ஆயினும், "ஒரு தகரத்தில் பெயர் எழுத இவ்வளவு செலவா, இவ்வளவு காலமா" என்று பொதுக்குழுவில் ஒரு முறையும் டீக்கடையில் பலமுறையும் கேட்கப்பட்ட கேள்விக்குப் பணிக்குழு விரிவாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதால் இவ்வறிக்கை நீள்கிறது.

குழு முதல் கூட்டத்திலேயே ஒன்றை முடிவு செய்தது. நம் தெருவின் பெயர் நமக்குத் தெரியும். அதைப் பலகையில் படித்து அறிய வேண்டியவர்கள் கூரியர் பையன்கள், சிலிண்டர் கொண்டு வருபவர்கள், இரவில் வரும் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர், கேரளத்திலிருந்து ஆரியங்காவுக் கணவாய் இறங்கி வந்து வழி தவறி நம் தெருக்களுக்குள் நுழையும் வண்டிக்காரர்கள் ஆகியோர்தான். ஆகவே பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர்களுடைய கண்ணையே அளவாகக் கொள்வது என்று தீர்மானித்தோம். பிறகு எழுந்த ஒவ்வொரு சச்சரவிலும் குழு இந்தத் தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது என்பதை உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் பொருள் தேர்வு. மிகக் குறைந்த கொட்டேஷன் இரும்புத் தகட்டில் பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலைக்கு வந்தது. அதை ஏன் தள்ளினீர்கள் என்று கேட்பவர்கள், பழைய பலகைகளைக் கழற்றியபோது கையோடு உதிர்ந்து வந்த துருவைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். ஜூன் முதல் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும், அது ஓய்ந்ததும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து, நம் ஊரில் இரும்பு காய்வதற்கே அவகாசம் தருவதில்லை. ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சு பரப்பைக் காக்கும். ஆனால் வெட்டிய ஓரத்திலும் துளை போட்ட இடத்திலும் துரு தொடங்கிவிடும். முழு அலுமினியத் தகடு நல்லதுதான், அதைப் பரிந்துரைத்த உறுப்பினர் சொன்னதில் தவறில்லை. ஆனால் பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலை கிடைக்கும் என்பது பலகையைக் கழற்றக்கூடியவர்களுக்கும் தெரியும். எனவே இரண்டு மெல்லிய அலுமினியப் படலங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த 4 மி.மீ. ஏ.சி.பி. ஷீட்டைத் தேர்ந்தோம். எடைக்குப் போட்டால் காசு தேறாது என்பதே அதன் முதல் பாதுகாப்பு. சாலைப் பலகைகளுக்கான இந்தியச் சாலைக் கூட்டமைப்பின் ஐ.ஆர்.சி. 67 நெறிமுறையும் இதை ஏற்கிறது. காற்றில் வளையாதிருக்கப் பின்புறம் அலுமினியச் சட்டம், காற்றில் தூண் சுழலாதிருக்க இரட்டை ஜி.ஐ. பைப், கான்கிரீட் அடித்தளத்துக்குள் குறுக்குக் கம்பி, துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட், அதற்கும் அலுமினியத்துக்கும் இடையே நைலான் வாஷர் என்று சில்லறையாகத் தோன்றும் ஒவ்வொன்றும் செலவுக் கணக்கில் ஒரு வரியாக நிற்கிறது. ஒன்றையும் விட்டிருக்க முடியாது.

வண்டி விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் ஒளிர்தாளில் இரண்டு தரம் வாங்கினோம். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் முனைகளுக்கு உயர்தர பிரிசம் வகைத் தாள். அதற்குப் பொதுவாக 10 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். உள் தெருக்களுக்குக் கண்ணாடி மணிகள் பதித்த சாதாரண வகை. அதற்கு 7 ஆண்டு. இதில் பாரபட்சம் காட்டப்பட்டதாக உள் தெரு உறுப்பினர்கள் மூவர் எழுதிய கடிதம் கோப்பில் உள்ளது. உள் தெருவில் வண்டி மெதுவாக வருகிறது, எதிர் விளக்கின் கூச்சமும் இல்லை. அங்கே விலை உயர்ந்த தாளை ஒட்டுவது உறுப்பினர் பணத்தை வீணாக்குவதாகும் என்பதே குழுவின் பதில்.

இனி ஒப்பந்ததாரர் விவகாரம். இதைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுவதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறோம்.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். பலகையைக் கண்டு, படித்து, வேகம் குறைத்துத் திரும்புவதற்கு மூன்று நான்கு நொடிகளாவது வேண்டும். அதாவது ஏறத்தாழ 30 மீட்டரிலேயே எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். ஓர் அங்குல எழுத்துக்கு 30 முதல் 40 அடி என்பது சாலைப் பலகைத் துறையில் பழகிய கணக்கு. அந்தக் கணக்குக்குச் சற்றுக் கூடுதலாகவே 100 மி.மீ. எழுத்துயரம் என்று பணி ஆணையில் எழுதினோம். தமிழ் எழுத்துக்கு எதை உயரம் என்பது என்ற ஐயம் எழும் என்று முன்னரே கருதி, பகரத்தின் அடிக்கோட்டிலிருந்து அதன் தலை வரை அம்புக்குறியிட்ட படத்தையும் ஆணையுடன் இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பந்ததாரரின் கையொப்பம் வாங்கினோம்.

முதல் தொகுதிப் பலகைகள் வந்திறங்கியபோது பார்வைக்கு அழகாகவே இருந்தன. அளவு நாடாவை வைத்துப் பார்த்தபோதுதான் பகரம் 60 மி.மீ. கூட இல்லை என்பது தெரிந்தது. இகரக் கொக்கியின் உச்சியிலிருந்து உகரச் சுழியின் அடி வரை அளந்து, அதையே 100 மி.மீ. என்று வெட்டியிருந்தார். "ஆங்கில எழுத்தை மேலிருந்து கீழ்வரைதான் அளக்கிறோம், எந்த ஸ்டிக்கர் கடையிலும் இதுதான் வழக்கம்" என்பது அவர் வாதம். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலே கொக்கியும் இல்லை, கீழே சுழியும் இல்லை. தமிழில் அவற்றையும் சேர்த்து அளந்தால் படிக்க வேண்டிய உடல் பாதியாகக் குறுகிவிடுகிறது என்பது நம் வாதம். படத்தைக் காட்டினோம். வெட்டும் பையன் எண்ணை மட்டும்தான் பார்ப்பான் என்றார்.

அன்று மாலை இருட்டியபின் பலகைகளைச் சுவரில் சாத்தி, பைக் விளக்கைப் போட்டுப் பார்த்ததும் பேச்சுக்கு இடமே இல்லாமல் போயிற்று. நீலத்தின்மேல் வெள்ளை எழுத்து ஒளிரும்போது கோடுகள் தடித்துத் தெரிவது இயல்பு. எழுத்தும் சிறிதாக இருந்ததால், 'குண்டாறு தெரு' என்பதில் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டு வெறும் வெண்திட்டாகத் தெரிந்தன. 'வாஞ்சிநாதன் தெரு'வில் ஞகரம் இருப்பதே தெரியவில்லை. மற்றொரு கேடும் இருந்தது. நம் பலகைகளில் எழுத்து ஒட்டப்படுவதில்லை. வெண்ணிற ஒளிர்தாளின்மேல் ஒளி புகும் நீலப் படலத்தை ஒட்டி, அதில் எழுத்தை வெட்டி உரித்தெடுக்கிறார்கள். உரிந்து விழ எழுத்தே இல்லை என்பது இம்முறையின் நன்மை. ஆனால் சுழிக்குள் எஞ்சும் நீலத் துணுக்கு மிகச் சிறியதாகிவிட்டால் அதுதான் முதலில் பெயரும். சிறு எழுத்தில் அந்தத் துணுக்குகள் நகக்கண் அளவே இருந்தன. இரண்டு அங்கேயே விரலோடு வந்துவிட்டன.

குழு தவணையை நிறுத்தியது. அவர் ஆட்களையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு போனார். திறந்து கிடந்த குழிகளுக்கு நாமே வேலி கட்டினோம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு சாராரும், கொடுத்ததை வாங்கி மாட்டிவிடலாம் என்று இன்னொரு சாராரும் குழுவை இருபுறமும் இழுத்தார்கள். வழக்கென்றால் சாரல் காலம் வந்து போயிருக்கும், குழிகள் அப்படியே இருந்திருக்கும். மாட்டியிருந்தால் பலகைகள் பகலில் நமக்கு மட்டுமே பயன்பட்டிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் இருவர் முன்னிலையில் பேசி முடித்ததன்படி, புதிய படலமும் வெட்டுக்கூலியும் அவர் பொறுப்பாயின. எழுத்து பெரிதானதால் பலகையும் நீள வேண்டியிருந்தது. அதற்கான கூடுதல் ஷீட்டின் செலவை நாம் ஏற்றோம். திட்ட மதிப்பீட்டை மீறிய தொகையில் பெரும்பங்கு இதுவே. அந்தத் தொகையை அவரிடமே பிடித்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: சரியான அளவில் முதலிலேயே வெட்டியிருந்தாலும் அந்த நீளம் தேவைப்பட்டிருக்கும், நாம் வாங்கிய பொருளுக்கு நாம் பணம் கொடுப்பதில் தோல்வி எதுவும் இல்லை. பழைய ஷீட்டுகளும் வீணாகவில்லை. மேலத்தெரு, கீழத்தெரு போன்ற குறும்பெயர்களுக்கு அவையே போதுமானவையாயின.

எழுத்துருவில் இவ்வளவு சண்டை இல்லை, ஆனால் ஆசைகள் இருந்தன. கல்யாணப் பத்திரிகையில் வரும் வளைவுச் செதுக்கெழுத்தே கம்பீரம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வலியுறுத்தினார். மறுக்காமல், பலவகை எழுத்துருக்களில் ஒரே பெயரை அச்சிட்டு மதில்சுவரில் ஒட்டி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தி நேரத்தில் பெரியவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் படிக்கச் சொன்னோம். பத்திரிகை எழுத்தை அந்த உறுப்பினரே கண்ணாடி போட்டும் படிக்கவில்லை. கோடுகள் ஒரே தடிமனிலும் சுழிகள் திறந்தும் உள்ள, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய 'முக்த மலர்' எழுத்துரு தேர்வாயிற்று. புள்ளியை வட்டமாக வைக்காமல் நிரப்பிய புள்ளியாக வைத்தோம். வட்டத்துக்குள்ளும் ஒரு துணுக்கு எஞ்சும் என்பதே காரணம். ஸ்டிக்கர் கடைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களே ஓடுகின்றன. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறியும், நாம் ஒருங்குறியில் அனுப்பிய பட்டியல் அங்குள்ள பழைய மென்பொருளில் ஒட்டப்பட்டபோது 'தெரு'வின் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஆகவே பெயர்களைப் படக்கோப்பாக மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு ப்ரூஃபையும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் காட்டிய பிறகே வெட்டச் சொன்னோம். முன்பக்கம் ரிவெட் அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சிலர் கேலி செய்தார்கள். சோதனைப் பலகையில் லகரத்தின் தலைக்கு மேலே ஒரு ரிவெட் விழுந்து, விளக்கொளியில் அது மின்னி, மேலத்தெரு 'மேல்த்தெரு' ஆனதை அவர்கள் பார்க்கவில்லை. இப்போது பிடிப்புகள் எல்லாம் பின்புறமே உள்ளன.

நிறத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. இந்நாட்டில் எந்த நிறத்தை எடுத்தாலும் அது ஏதோ ஒரு கட்சியின் கொடியில் இருக்கிறது. பச்சை நம் மரங்களோடு கலந்து மறைகிறது. மஞ்சளில் கறுப்பு ரயில் நிலையப் பலகையை நினைவூட்டுகிறது என்றார்கள். நீலத்தில் வெள்ளைக்கு மட்டும் எதிர்ப்பு குறைவாக இருந்தது, இரவில் வேறுபாடும் தெளிவாக இருந்தது.

மலையாளம் சேர்த்ததற்குத்தான் குழு அதிகம் திட்டு வாங்கியது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த ஊர். அதற்கு முன் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்ததை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம். ஆனால் பலகையில் மலையாளம் வந்தது கொல்லம்–திருமங்கலம் சாலையில் வரும் ஓட்டுநர்களுக்காக மட்டுமே. நெடுஞ்சாலை முனைப் பலகைகளில் மட்டும் அது உள்ளது. உள் தெருக்களில் தமிழும் ஆங்கிலமும்தான். கடைப் பலகைகளுக்குத் தமிழ்நாட்டில் சொல்லப்படும் 5:3:2 விகிதத்தையே பின்பற்றித் தமிழ் 100, ஆங்கிலம் 60, மலையாளம் 40 மி.மீ. என வைத்தோம். 40 மி.மீ. தூரத்துக்கு உதவாது, உண்மைதான். வண்டியை ஓரங்கட்டிப் பார்ப்பவருக்குப் போதும். 1971இல் வந்த சீர்திருத்த மலையாள எழுத்தைப் பயன்படுத்தியதால் உகரக் குறிகள் தனித்து நின்று, அந்தச் சிறிய அளவிலும் வெட்டச் சுலபமாயின.

பலகையின் அடியில் தம் கடைப்பெயரைப் போட்டால் முழுச் செலவையும் ஏற்பதாக ஒருவர் முன்வந்தார். மறுத்தோம். உபயதாரர் பெயர் பெருகினால் தெருப் பெயர் சிறுக்கும். கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை விட உபயம் பெரிதாக இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த மறுப்பால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்பியவர்கள்: மூலைப் பலசரக்குக்கடை அண்ணாச்சி, கீழத்தெரு அரிசி ஆலைக் குடும்பத்தார், வடக்குத் தெரு மாடி வீட்டு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பால் பண்ணைச் சகோதரர்கள், துபாயிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் பணம் அனுப்பிய நம் தெருப் பிள்ளைகள், புளியமரத் தெரு மகளிர் குழுவினர், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், சிமெண்டு மூட்டைகளைக் கூலியின்றி இறக்கிய வாகன உரிமையாளர், பெயர் வேண்டாம் என்று உறையில் பணம் வைத்துப் போன ஒரு பாட்டி. அவரவர் தொகை கணக்குத்தாளில் வரிசை எண்ணோடு உள்ளது.

பலகைகளின் அடிவிளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில் இருப்பதால் போஸ்டர் ஒட்ட ஏணி வேண்டும். ஏணியோடு வருபவர்களை உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம். ஆண்டுக்கு இருமுறை, சாரலுக்கு முன்பும் ஐப்பசி மழை ஓய்ந்த பின்பும், சோப்பு நீரால் துடைத்தால் போதும். மண்ணெண்ணெய், தின்னர் இரண்டையும் தாளில் படவிடக் கூடாது. மிஞ்சிய படலம், போல்ட்டுகள், படக்கோப்புகள் அடங்கிய பென்டிரைவ் ஆகியவை செயலாளரிடம் உள்ளன. தொகை எழுதிக் கையொப்பமிட்டு இன்னும் செலுத்தாதவர்கள் பங்குனிக்குள் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளவும். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணை அதிலிருந்துதான் கொடுக்கப்பட வேண்டும். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பணிக்குழுவினர்