முழங்கை கொடுத்தவர்களுக்கு

பார்வை இழந்தவர்களுக்கான நம் சனிக்கிழமைக் கூட்டத்தின் அக்காமார், அண்ணன்மார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் முதன்முதலாக உங்களிடம் வந்து இந்த வாரத்தோடு மூன்று வருடம் முடிகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாள் ஓடிவிட்டது. நேரில் ஆரம்பித்தால் "அட, இதுக்கெல்லாம் போய்" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுகிறேன். போனில் பேசிப் பதிந்து, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் திரும்பப் படிப்பதைக் கேட்டு, நானே திருத்திய கடிதம் இது.

முதல் நாள் வாசலிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் என்னை எத்தனையோ பேர் பிடித்து இழுத்திருக்கிறார்கள். நான் சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே சாலையைக் கடக்கவைத்தவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனாலும் எங்கிருந்தோ ஒரு கை வந்து மேல்கையைக் கவ்வும்போது உடம்பு பதறிவிடும்.

அன்றைக்கு வாசலில் ஒரு அக்கா முதலில் தன் பெயரைச் சொன்னார். "கூட வரட்டுமா?" என்று கேட்டார். சரி என்றதும் அவருடைய புறங்கை என் புறங்கையை லேசாகத் தொட்டது. அந்தக் கை வழியே மேலே போய் நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அரை அடி முன்னால், நான் பின்னால். படி வந்ததும் ஒரு நொடி நின்று, "ஏறணும், மூணு படி" என்றார். நடை குறுகிய இடத்தில் அந்தக் கை அவர் முதுகுப் பக்கம் போனது. யாரும் சொல்லாமலே நான் அவருக்கு நேர் பின்னால் வந்துவிட்டேன். நாற்காலிக்கு வந்ததும் தோளை அழுத்தி உட்காரவைக்கவில்லை. நாற்காலியின் முதுகில் என் கையை வைத்துவிட்டு விலகிக்கொண்டார். மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

அக்கா, இது எல்லோருக்கும் சொல்லித்தரும் முறைதானே என்பீர்கள். இருக்கட்டும். இரண்டு வருடத்தில் நானாகப் போய் உட்கார்ந்த முதல் நாற்காலி அது.

எனக்கு வந்தது குளுக்கோமா, பார்வை நரம்பைப் பாதிக்கும் கண் நோய். வலியும் இல்லை, கண் சிவக்கவும் இல்லை. பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வந்தது. தெரிகிற நடுப்பகுதியை வைத்து மூளை சமாளித்துக்கொண்டே இருந்தது. நான் கணக்கு டீச்சர். ஓரத்துப் பெஞ்சில் பிள்ளைகள் கை தூக்கினால் டீச்சர் கவனிப்பதில்லை என்று வகுப்பில் பேச்சு வந்தபோதுகூடக் கண்ணைச் சந்தேகிக்கவில்லை. கண்டுபிடித்தபோது பார்வை நரம்பு பெரும்பாலும் பட்டுப்போயிருந்தது. இந்த நோயில் போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தும் அறுவை சிகிச்சையும் இருப்பதைக் காப்பாற்றத்தான். இப்போது எனக்கு மிஞ்சியிருப்பது வெளிச்சமும் நிழலும்.

கடைசியாகப் போன இடத்தில் "இனி செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லி ஃபைலை மூடிக் கையில் கொடுத்தார்கள். யாரிடம் பேசலாம், நடை எங்கே பழகலாம், போனை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வரியை நம்பி எட்டு மாதம் வீட்டில் படுத்துக் கிடந்தேன். அந்த வரி சிகிச்சையைப் பற்றியது மட்டும்தான் என்று எனக்குச் சொன்னவர்கள் நீங்கள்.

நம் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவுக்கு இங்கேயே ஒரு கும்பிடு. என் கதையைக் கேட்டு முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? கண்ணைக் காட்டினாங்களா?" பெற்றவருக்கோ கூடப் பிறந்தவருக்கோ குளுக்கோமா இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்று எனக்கு அதுவரை தெரியாது. என் தம்பி தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான். நர்ஸ் அம்மா அவனுக்கு மூன்று முறை போன் செய்தார். மூன்றாவது போனுக்குப் பிறகு போனான். ஆரம்ப நிலையில் பிடித்துவிட்டார்கள். தினமும் ராத்திரி சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறான், தன் வண்டியைத் தானே ஓட்டுகிறான். அம்மா, நீங்கள் யாருடைய கண்ணைக் காப்பாற்றினீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்: என் அம்மாவின் கடைசிப் பிள்ளையின் கண்ணை.

அப்புறம், வெகுநாள் யாரிடமும் சொல்லாமல் மறைத்த ஒன்று.

பார்வை மங்கிய பிறகு எனக்கு இல்லாதவை தெரிய ஆரம்பித்தன. முதலில் சுவரெங்கும் வலைப்பின்னல் மாதிரி கட்டங்கள். பிறகு கூரை முழுக்க நீலப் பூக்கொடி. பிறகு சின்னச் சின்ன மனிதர்கள், தொப்பி போட்டவர்கள், வரிசையாகச் சத்தமே இல்லாமல் போவார்கள். என் மகள் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. அவள் தோள் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மனிதர்களின் சட்டைப் பொத்தான்வரை தெரியும். புத்தி பிசகுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். கண் போனதைத் தாங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் இதை எப்படிச் சொல்வது? வாயைத் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, எல்லோரும் அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நம் பெரியவர் ஐயா மிகச் சாதாரணமாக, "நேத்து ராத்திரி என் கட்டில் பக்கத்துல ரெண்டு குதிரை நின்னுச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "எனக்குக் குழந்தைங்க வரும்" என்றது இன்னொரு குரல். நான் அழுத அழுகை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எதற்கு அழுகிறேன் என்று அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. அது நிம்மதி.

ஆலோசகர் தங்கை அன்று மாலை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். அதற்குப் பெயர் சார்ல்ஸ் பானே சிண்ட்ரோம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் சார்ல்ஸ் பானே 1760-ல் இதைப் பற்றி எழுதினார். பார்வை மங்கிப்போன அவருடைய தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்தன. தாத்தாவின் புத்தியோ தெளிவாக இருந்தது. கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்காமல் தானே படம் வரைந்துகொள்கிறது என்பதுதான் இதற்குச் சொல்லும் விளக்கம். இந்தப் படங்களுக்குச் சத்தம் இருக்காது, வாசனை இருக்காது. மனநோயும் இல்லை. ஆனால் இல்லாதது தெரிய வேறு காரணங்களும் இருக்கலாம், டாக்டரிடம் ஒருமுறை சொல்லியே ஆக வேண்டும் என்று தங்கை கண்டிப்பாகச் சொன்னார், சொன்னேன். படம் வரும்போது விளக்கைப் போடவும், கண்ணை இடமும் வலமுமாக ஓட்டவும், எழுந்து நாலடி நடக்கவும் பழக்கினார். எனக்குப் பாதி நேரம் அது கைகொடுக்கிறது. மீதி நேரம் அவர்கள் பாட்டுக்குப் போகிறார்கள், நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்கிறேன். ஐயா, அந்த இரண்டு குதிரைகளுக்கும் என் நன்றி.

கோல் பழக்கிய அண்ணனுக்கு நான் கொடுத்த தொல்லை அதிகம். நான்கு மாதம் வெள்ளைக்கோலை மடித்துக் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன். கையில் எடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற கூச்சம். அண்ணன் ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. ஒருமுறை மட்டும் ஒரு கதை சொன்னார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் விபத்தில் பார்வை இழந்தார். வீட்டைச் சுற்றி ஓடும் வண்டிகளுக்குப் பயந்து, ஓட்டுநர்கள் கண்ணில் படட்டும் என்று 1921-ல் தன் கைத்தடிக்கு வெள்ளை பூசிக்கொண்டார். "அவர் தெரியணும்னுதான் பூசினார், டீச்சர்" என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். மறுவாரம் கோலை வெளியே எடுத்தேன்.

இடது கால் முன்னே போகும்போது கோல்முனை வலப்பக்கம், வலது கால் போகும்போது இடப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுவிடும். முதல் வாரம் கையும் காலும் சண்டை போட்டன. பிறகு தரை பேச ஆரம்பித்தது. சிமெண்டில் டக், மண்ணில் சொத், இரும்பு மூடியில் டங். சுவர் முடிந்து சந்து திறக்கும் இடத்தில் கன்னத்தில் காற்று படும். தெருமுனைவரை தனியாகப் போய்த் திரும்பிய அன்று அண்ணன் இருபது அடி பின்னால் மூச்சுக் காட்டாமல் வந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. நடுவில் நான் ஒரு முறை தடுமாறியபோதும் ஓடிவரவில்லை. அது அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போன் சொல்லித்தந்த கல்லூரித் தம்பியும் அப்படித்தான். ஒருமுறைகூட என் கையிலிருந்து போனை வாங்கி அவனே செய்து கொடுக்கவில்லை. "ஒரு விரலால் தடவுங்க, அது சொல்லும். வேணும்னா ரெண்டு தட்டு தட்டுங்க." இதையே எத்தனை வாரம், எவ்வளவு பொறுமையாகச் சொன்னான்! முதலில் என் காதுக்கு ஓட்டமாய்த் தெரிந்த அந்தக் குரலை இப்போது அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறேன்.

விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தைச் சொல்லித்தந்த அக்கா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் பாடத்தில் என் விரலை ஒரே ஒரு புள்ளியில் வைத்து "இதுதான் அ" என்றீர்கள். மொத்தம் ஆறு புள்ளிதான் என்றதும் அவற்றிலிருந்து 63 வடிவம் வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். வீட்டில் படுத்தபிறகு நான் போட்ட முதல் கணக்கு அது. லூயி பிரெயில் இந்த முறையை உருவாக்கியபோது வயது பதினைந்து என்று நீங்கள் சொன்னபோது, என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறேன். ஆனால் நம் கூட்டத்துக்கு வரும் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் பொறுப்பைக் கொடுத்தீர்களே, அந்தச் சனிக்கிழமை எனக்குப் பழையபடி முதல் பீரியட் மணி அடித்தது.

வீட்டாருக்கு நீங்கள் நடத்திய கூட்டத்துக்கு என் கணவர் அரை மனதோடுதான் வந்தார். திரும்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நான் ரொம்பச் செஞ்சுட்டேனா?" அதுவரை என் தட்டை, செருப்பை, சீப்பை எல்லாம் அவரே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது கதவை முழுக்கத் திறந்துவைக்கிறார், இல்லை முழுக்க மூடிவிடுகிறார். பாதி திறந்த கதவில் என் நெற்றி மூன்று முறை அடிபட்டிருக்கிறது. நாற்காலியை நகர்த்தினால் சொல்கிறார். காலை மருந்துப் புட்டியில் ஒரு ரப்பர் பேண்ட், இரவு மருந்தில் இரண்டு போட்டது அவர்தான். எடுத்துவிட்டுக்கொள்வது நான். அவரும் பேச ஓர் இடம் கொடுத்தீர்கள், அதற்கும் நன்றி.

என் மகளுக்கு அப்படி வழி திறந்தது கோல்பால் (goalball) என்ற பந்தாட்டம். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946-ல் உருவான ஆட்டம். பந்துக்குள் மணி, எல்லோர் கண்ணுக்கும் பட்டை. அரைப் பார்வை, முழுப் பார்வை எல்லாம் அந்தப் பட்டைக்குப் பின்னால் ஒன்றுதான். கோடு தெரிவதற்கு டேப்புக்கு அடியில் கயிறு ஓடும். விரலால் தடவி நம் இடத்தைக் கண்டுகொள்ளலாம். மணிச்சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். குடும்ப நாளன்று மகளும் பட்டையைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரணியில் ஆடித் தோற்றாள். வீட்டுக்குப் போகும் வழியில், "அம்மா, சத்தமே போடாத பொருள் எதிர்ல இருந்தா உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். என் பார்வையைப் பற்றி அவள் அழாமல் கேட்ட முதல் கேள்வி அது. அன்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை பேசினோம்.

இன்னும் எத்தனை பேர்! நடைக்குழுவில் கூட வந்து, "அக்கா, ஒரு நாய் சுருண்டு தூங்குது, ஒரு காது மட்டும் நம்ம பக்கம் திரும்புது" என்று வழியெல்லாம் எனக்குக் காட்டிக்கொண்டு வரும் தங்கை. இரவில் கேட்கப் புத்தகங்களை வாசித்துப் பதிந்து அனுப்பும், நான் இதுவரை சந்திக்காத அந்தக் கரகரப்புக் குரல். அறையை விட்டுப் போகும்போது "நான் கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் ஒவ்வொருவரும். வெற்று நாற்காலியோடு பேசிக்கொண்டிருக்கும் அவமானம் எனக்கு உங்களிடம் நேர்ந்ததே இல்லை.

ஆறு மாதமாக, புதிதாக வருகிறவர்களுக்குப் புதன்கிழமைதோறும் போன் செய்யும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். போன மாதம் ஒரு பெண்ணின் எண் வந்தது. முதல் மூன்று வாரமும் அவர் "ம்" மட்டும்தான் சொன்னார். நானும் வற்புறுத்தவில்லை, என் வாரம் எப்படிப் போனது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். இந்தப் புதன்கிழமை வைக்கப் போகும் நேரத்தில், "அக்கா, அந்தக் கோல் எவ்வளவு உயரம் வாங்கணும்?" என்றார்.

"நேரா நிமிர்ந்து நில்லுங்க" என்றேன். "நெஞ்செலும்பு உயரத்துக்கு வரணும். சனிக்கிழமை வாங்க, அண்ணன் அளந்து சொல்லுவார்."

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்